யாருக்கு நன்றி?



மூதுரையைப் படிப்பிக்கும் நாட்களில் என் வகுப்பில் தவறாமல் ஒரு சிரிப்பொலி எழும். மயிலைப் பின்பற்றி நடனமாட முயன்று நகைப்புக்கு இடமான வான்கோழியை ஔவையார் உவமையாக்கும் இடம் அது. சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் இருந்து ஒருவன் கேட்பான்: “சேர், வான்கோழி எங்கட ஊர்ப் பறவையோ?”

நல்ல கேள்வி. இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கொலம்பஸ் 1492 இல் கடல் கடந்ததன் பின்னரே ஏனைய உலகம் அதனை அறிந்தது. ஆகவே, ஒன்றில் அப்பெயர் முன்னர் வேறொரு பறவைக்கு வழங்கிப் பின்னர் இதற்கு மாறியிருக்க வேண்டும். அல்லது அந்த வெண்பா நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அன்று. ஒரு பறவையின் பெயர் ஒரு நூலின் காலத்தையே கேள்விக்கு உள்ளாக்கிவிடுகிறது. பெயர்களை நம்பி வரலாற்றுக்குள் நடப்பவன் அடிக்கொருதரம் குனிந்து பார்த்தே நடக்கவேண்டும்.

இதனை இன்று பேசுவதற்குக் காரணம், என்னிடம் முன்னர் தமிழ் படித்து இப்போது அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் குடும்பத்தோடு வாழும் மாணவர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு. ஒரு நவம்பர் மாதத்துப் புதன்கிழமை அது.

“சேர், இஞ்ச நாளைக்கு எல்லா வீட்டிலையும் வான்கோழிதான். பிள்ளையள் பள்ளிக்கூடத்தில கேள்விப்பட்டு வந்து அடம்பிடிச்சதால நாங்களும் ஒண்டு வாங்கிப்போட்டம். இருபது இறாத்தல்! நாலு நாளாப் பிறிட்ஜுக்குள்ள கிடக்கு, இன்னும் உள்ளுக்கை கட்டியாத்தான் இருக்கு” என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. “சின்னவள் ஒரு கேள்வி கேட்டவள் சேர். நன்றி சொல்லுற நாள் எண்டால் ஆருக்கு அப்பா நன்றி எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை.”

நான் மச்சம் உண்ணாதவன். வான்கோழி சமைப்பதில் அவருக்கு உதவ என்னால் முடியாது. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வி சமையலைப் பற்றியது அன்று, வரலாற்றைப் பற்றியது. எனவே அவருக்குச் சொன்னவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றிசெலுத்தும் நாள். நமது பொங்கலைப் போல இது ஒரு வீட்டுப் பண்டிகை. தூரத்து நகரங்களில் தொழில் செய்வோர் தாய்வீடு திரும்புவர். பாட்டன், பேரன், மாமன், மைத்துனன் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வர். மேசையின் நடுவில் முழுதாகப் போறணையில் வாட்டிய வான்கோழி வைக்கப்படும். கூடவே பாண்துண்டும் வெங்காயமும் செலரியும் கலந்த ஒரு கலவை, மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரி என்ற புளிப்புப் பழத்தின் சட்னி, முடிவில் மாவோட்டுக்குள் பூசணிக் களி நிரப்பிச் சுட்ட இனிப்பு.

அந்தப் பறவையை வாட்டி எடுப்பது விளையாட்டான காரியம் அன்று. உறைந்த பறவையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து இளக்க நான்கைந்து இறாத்தலுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. இருபது இறாத்தல் என்றால் நான்கைந்து நாள். பின்னர் 325 பாகை பரனைற் சூட்டில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வாட்டவேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நெஞ்சிறைச்சி விரைவில் வெந்து வரண்டுபோகும். தொடையோ எலும்போடு ஒட்டிய இடத்தில் வேகாமல் நிற்கும். அதனால் சிலர் முதல்நாளே உப்புப் பூசி வைப்பர். சிலர் நெஞ்சின் மேல் தகடு மூடுவர். சிலர் வழியும் நெய்யை அள்ளி அள்ளி மேலே வார்ப்பர். தசையின் உட்பகுதி 165 பாகை பரனைற், அதாவது 74 பாகை செல்சியஸ், அடைந்தால்தான் உண்பதற்குப் பாதுகாப்பு. போறணையால் எடுத்த பின்னரும் இருபது நிமிடமாவது ஆறவிட்டு வெட்டவேண்டும். இல்லாவிட்டால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். எல்லோரும் உறங்கும் வேளையில் எழுந்து அடுப்படிக்குப் போகும் ஒருவர் இல்லாமல் இந்த விருந்து இல்லை. பண்டிகை எந்த நாட்டுடையதாயினும் இது மட்டும் மாறுவதில்லை.

சரி, இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் சொல்லும் விடை 1621 ஆம் ஆண்டு, பிளிமத் குடியேற்றம்.

1620 இல் மேபிளவர் என்ற கப்பலில் 102 பயணிகள் இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டு, இன்றைய மாசசூசெற்ஸ் கரையை அடைந்தனர். முதல் மாரியிலேயே ஏறத்தாழ அரைவாசிப் பேர் குளிராலும் நோயாலும் மாண்டனர். எஞ்சியோர் அடுத்த ஆண்டு சோளம் விளைவித்து, அறுவடையின்பின் விருந்து கொண்டாடினர். அதனை நேரிற் கண்டு எழுதியவர் எட்வேர்ட் வின்சிலோ. 1621 டிசம்பரில் அவர் எழுதிய கடிதத்தில் இவ்விருந்துக்கு ஒதுக்கிய இடம் சில வரிகளே. ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். வாம்பனோவாக் மக்களின் தலைவரான மாசசோயிற் தொண்ணூறு ஆண்களோடு வந்தார். அவர்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். மூன்று நாள் விருந்து நடந்தது. இவ்வளவுதான்.

வான்கோழி என்ற சொல் அக்கடிதத்தில் இல்லை. வேட்டைப் பறவைகள் என்றே உள்ளது. அந்தப் பருவத்தில் காட்டு வான்கோழிகள் நிறையக் கிடைத்தன என்று ஆளுநர் வில்லியம் பிராட்போர்ட் வேறோர் இடத்தில் எழுதியிருப்பதால், விருந்தில் அதுவும் இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு இல்லை. பூசணி இருந்தாலும் மாவோடு செய்யக் கோதுமை மாவும் பட்டரும் இல்லை. வயதுவந்த பெண்களில் உயிரோடு எஞ்சியவர் நால்வரே. குடியேறியோர் ஏறக்குறைய ஐம்பது பேர். விருந்தினர் தொண்ணூறு பேர். அந்த அடுப்படியை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்றை அவதானிக்கவேண்டும். அந்த விருந்துக்கு வின்சிலோ நன்றிசெலுத்தும் நாள் என்று பெயரிடவில்லை. அச்சமயத்தவருக்கு நன்றிசெலுத்தும் நாள் என்பது தேவாலயத்தில் வழிபட்டிருக்கும் நாள். அத்தகைய நாளை அவர்கள் 1623 இல், நீண்ட வரட்சியின்பின் மழை பெய்தபோது அனுட்டித்தனர்.

இந்தக் கதையில் பலரும் ஒரு வரியோடு கடந்து செல்லும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் திஸ்குவாண்டம். பிளிமத் அமைந்த இடத்தில் முன்னர் பற்றுக்செற் என்ற ஊர் இருந்தது, அவ்வூரவர் அவர். 1614 இல் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவன் அவரையும் வேறு பலரையும் வஞ்சகமாகக் கப்பலேற்றி ஸ்பெயின் நாட்டு மலாகாவில் விற்க முயன்றான். அங்கிருந்து தப்பி இங்கிலாந்து சென்று, ஆங்கிலம் கற்று, 1619 இல் அவர் ஊர் திரும்பினார். ஊர் இருந்தது, மக்கள் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய் பற்றுக்செற்றைத் துடைத்தழித்துவிட்டது. வீடு திரும்பியவரை வரவேற்க வாசலில் ஒருவரும் இல்லை.

அந்த வெறும் நிலத்திலேதான் ஆங்கிலேயர் குடியேறினர். அவர்களுக்கு மொழிபெயர்த்தவர் திஸ்குவாண்டம். மீனைப் பசளையாக இட்டுச் சோளம் நடும் முறையைக் கற்பித்தவரும் அவரே. 1621 விருந்தின் விளைச்சல் அந்த அறிவின் விளைச்சல். மறுவருடமே அவர் இறந்துபோனார். பிராட்போர்ட் அவரை இறைவன் தமக்காக அனுப்பிய கருவி என்று எழுதினார். பாராட்டுத்தான். ஆனால் கருவிக்கு எவரும் நன்றி சொல்வதில்லை; அனுப்பியவனுக்கே சொல்வர்.

மாசசோயிற் உயிரோடு இருந்தவரை இரு தரப்புக்கும் இடையே 1621 இல் செய்த உடன்படிக்கை நிலைத்தது. பின்னர் குடியேறியோர் பெருகினர், நிலம் சுருங்கியது. 1675 இல் மாசசோயிற்றின் மகன் மெற்றாகொம் தலைமையில் போர் மூண்டது. 1676 ஓகஸ்ட் மாதத்தில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கழியில் ஏற்றப்பட்டு ஆண்டுக்கணக்காக அங்கேயே நின்றது. அது வந்து சேர்ந்த நாளை அக்குடியேற்றத்தவர் நன்றிசெலுத்தும் நாளாக அனுட்டித்தனர். தந்தை மான் கொண்டுவந்து விருந்துண்ட ஊரில், ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் மகனின் தலை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

அப்படியானால் இன்றைய குடும்பப் பண்டிகை எங்கிருந்து வந்தது? நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குப் பிரதேசத்தில், அறுவடையின்பின் ஆளுநர்கள் நன்றிசெலுத்தும் நாளை அறிவிப்பது வழக்கமாகியிருந்தது. காலை வழிபாடு, மாலை வீட்டு விருந்து. வான்கோழி அவ்விருந்துக்குப் பொருத்தமாக அமைந்தது. பசு பால் தரும், பேடு முட்டையிடும், அவற்றைக் கொல்ல மனம் வராது. வான்கோழியோ இறைச்சிக்காகவே வளர்ப்பது. ஒன்றே ஒரு பெரிய குடும்பத்துக்குப் போதும். ஜோர்ஜ் வோஷிங்டன் 1789 நவம்பர் 26 ஐ நாடு முழுவதற்கும் அத்தகைய நாளாகப் பிரகடனம் செய்தார். ஆனால் அது ஆண்டுதோறும் தொடரவில்லை. தோமஸ் ஜெபர்சன் தமது ஆட்சியில் அப்படியொரு நாளைப் பிரகடனம் செய்ய மறுத்தார்.

அதனை நிலைநாட்டியவர் ஒரு பெண். சாரா ஜோசபா ஹேல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தவர். 1822 இல் கணவனை இழந்தபோது அவருக்கு ஐந்து பிள்ளைகள். பேனாவை நம்பி அவர்களை வளர்த்தார். வாழ்நாள் முழுவதும் கறுப்பு உடையே அணிந்தார். 1827 இல் வெளியான தமது நாவலில் நன்றிசெலுத்தும் நாள் விருந்தை ஓர் அத்தியாயம் நிறைய வருணித்து, வாட்டிய வான்கோழியை மேசையின் தலைமாட்டில் வைத்தார். பின்னர் பெண்களுக்கான பெரும் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியையாகி நாற்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஆண்டுதோறும் ஆசிரியத் தலையங்கம் எழுதினார். விருந்துச் சமையற் குறிப்புகளை வெளியிட்டார். ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் சளைக்காமல் கடிதம் எழுதினார். நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வந்தால் வடக்கும் தெற்கும் பிரியாது என்பது அவரது நம்பிக்கை.

நம்பிக்கை பொய்த்தது. 1861 இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1863 செப்டெம்பர் 28 இல் ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3 இல் லிங்கன் பிரகடனம் வெளியிட்டார்: நவம்பரின் கடைசி வியாழக்கிழமை நன்றிசெலுத்தும் நாள். கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தின் இரத்தம் காய்ந்து மூன்று மாதம் ஆகாத காலம் அது. அப்பிரகடனத்தில் பிளிமத் இல்லை, வான்கோழி இல்லை. விதவைகளையும் அநாதைகளையும் துயருறுவோரையும் இறைவனின் காவலில் ஒப்படையுங்கள் என்ற வேண்டுகோள் இருந்தது. தேசிய விருந்து பிறந்தது நிறைந்த மேசையில் அன்று. ஆளில்லாத கதிரைகள் கிடந்த வீடுகளில்.

பிளிமத் கதை பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. வின்சிலோவின் கடிதத்தை 1841 இல் மீண்டும் பதிப்பித்த அலெக்சாண்டர் யங் என்பவர், இதுவே முதலாவது நன்றிசெலுத்தல் என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினார். அந்த அடிக்குறிப்பு மெல்ல மெல்லப் பாடப்புத்தகத்தின் தலைப்பாயிற்று. ஐரோப்பாவில் இருந்து புதிதாக வந்து குவிந்த மக்களின் பிள்ளைகளை அமெரிக்கராக்கும் கதையாகப் பாடசாலைகள் அதனைக் கற்பித்தன. 1939 இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ற், வியாபாரிகளின் நன்மை கருதிப் பண்டிகையை ஒரு வாரம் முன்தள்ளினார். மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து இரு வேறு நாட்களில் கொண்டாடின. 1941 டிசம்பரில் இயற்றிய சட்டமே நான்காவது வியாழக்கிழமையை நிலைப்படுத்தியது.

மறுபக்கமும் ஒருநாள் பேசியது. மேபிளவர் வந்து 350 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட 1970 இல் ஏற்பாடு நடந்தது. வாம்பனோவாக் இனத்தவரான வாம்சுற்றா பிராங்க் ஜேம்ஸ் உரையாற்ற அழைக்கப்பட்டார். அவர் எழுதிய உரையை முன்கூட்டியே வாசித்த ஏற்பாட்டாளர்கள் அதனை ஏற்கவில்லை. அவர் அந்த விழாவில் பேசவில்லை. மாறாக, பிளிமத்தில் மாசசோயிற்றின் சிலை நிற்கும் குன்றில் தம் மக்களோடு கூடி அந்நாளைத் துக்கநாளாக அனுட்டித்தார். அன்று முதல் ஆண்டுதோறும் அங்கே அது நடக்கிறது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரு பக்கம் விருந்து, ஒரு பக்கம் துக்கம்.

இனிப் பறவைக்கு வருவோம். வான்கோழியை வீட்டுப் பறவையாக்கியவர்கள் மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள்; இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வளர்த்தனர். ஸ்பானியர் அதனைக் கடல் கடத்தினர். ஐரோப்பா முழுவதும் பரவி, ஆங்கிலக் குடியேற்றவாசிகளோடு மீண்டும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. தன் சொந்தக் கண்டத்துக்கே வெளிநாட்டுப் பறவையாகத் திரும்பிய பறவை அது. கிழக்கேயும் வந்தது. 1612 இல் கோவாவில் இருந்து கொண்டுவந்த ஒரு வான்கோழியைக் கண்டு வியந்த மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அதனைப் படமாகத் தீட்டச் செய்தார். ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இன்றும் உள்ளது.

பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலேயர் அதனைத் துருக்கிநாட்டின் பெயரால் அழைத்தனர். துருக்கியரோ அதனை ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை, என்றனர். பிரெஞ்சு மொழியிலும் அது இந்தியாவினது. போர்த்துக்கேயருக்கு அது ‘பெரு’. ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரால் ‘கல்கூன்’ என்றனர். அவர்கள் இலங்கைக் கரையோரத்தை ஆண்டபோது அச்சொல் சிங்களத்தில் ‘களுகும்’ ஆயிற்று. மலாய்க்காரரோ அதனை ஒல்லாந்தக் கோழி என்கின்றனர். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினர். வளர்த்தெடுத்த மெக்சிக்கோ மக்களின் பெயர் இவற்றுள் ஒன்றிலேனும் இல்லை.

நேயர்களே, பறவைக்கு நேர்ந்ததே விருந்துக்கும் நேர்ந்திருக்கிறது. கொடுத்தவர் ஒருவர்; பெயர் பெற்றவர் இன்னொருவர். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்று அதிகாரத்துக்குப் பெயர் வைத்தார். அறிதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். நன்றி வாயால் சொல்வது மட்டும் அன்று. யார் செய்தது என்று அறிந்திருப்பது. அறியாமற் சொல்லும் நன்றி முகவரி இல்லாத கடிதம்.

என் மாணவருக்கு நான் சொன்னது இதுதான். விருந்து வேண்டாம் என்று சொல்லாதே. பிள்ளைகள் கூடி உண்ணும் மேசை நல்ல மேசை. ஆனால் உண்ணுமுன் சில பெயர்களைச் சொல். ஊரிழந்தும் ஊட்டிய திஸ்குவாண்டத்தின் பெயரைச் சொல். கறுப்புடை அணிந்து கடிதம் எழுதிய அந்த விதவையின் பெயரைச் சொல். இரவிரவாக அடுப்படியில் நிற்கும் உன் மனைவியின் பெயரையும் சொல். லிங்கன் நினைக்கச் சொன்னவர்களையும் நினை. எமது நாட்டில் யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரும் பண்டிகை நாளில் நிரம்பாத இடம் உள்ள வீடுகள் எத்தனை! அவருடைய மேசையிலும் அப்படி ஓர் இடம் உண்டு என்பதை நான் அறிவேன். அவர் அதைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அழைத்தார். “நெஞ்சிறைச்சி காய்ஞ்சு போச்சு சேர். மிஞ்சினதை அடுத்தநாள் தூள் போட்டுக் கறியாக்கினாப் பிறகுதான் ருசியாத் திண்டம்” என்றார். பெயர்களைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னார்களாம். திஸ்குவாண்டம் ஊர் திரும்பிய கதையைக் கேட்டதும் சின்னவள் கரண்டியை வைத்துவிட்டாளாம்.

“என்ன கேட்டவள் தெரியுமே சேர்? அவர் இருக்கேக்க ஆராவது அவருக்கு நன்றி சொன்னவையோ எண்டு கேட்டவள்.”

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர். அவளது முதற் கேள்விக்கு விடை தேடி நானூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினேன். இரண்டாவது கேள்விக்குப் பிராட்போர்ட் எழுதிய அந்தக் ‘கருவி’ என்ற சொல்லைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. அது அவளுக்குப் போதாது. போதக்கூடாது.